பேரிங் சத்தம்

பதினோரு வருடம் அதைப்
பம்ப்பின் பேரிங் என்றே நினைத்திருந்தேன்.

கொடிமலைச் சரிவில்,
ஆயர் ஈத்தாம் விளக்குகள் மரங்களுக்கிடையில்
சிதறித் தெரியும் உயரத்தில்
ஓடையை மறித்து ஒரு சின்னத் தடுப்பணை.
கம்பிவேலி. கேட். சாவி என்னிடம்.
இரவு பத்துக்கு மேல்
கிரீச், கிரீச் என்று மெல்லிய இரும்பு தேயும்.
கிரீஸ் வைப்பேன். எண்ணெய் விடுவேன்.
இரண்டு முறை மனுப்போட்டு
பேரிங்கையே மாற்றியும் கொடுத்தார்கள்.
மறுநாள் இரவும் கிரீச்.

பல்கலைக்கழகத்திலிருந்து ஹஸ்லினா வந்த அன்று
அனுமதிக் கடிதத்தை டார்ச்லைட்டில் வாசித்துவிட்டுத்தான்
கேட்டைத் திறந்தேன்.
கூட வந்த பையன் பிரவிந்த்
பூட்ஸைக் குளோரின் வாளியில் முக்கித்
தேய்த்துக்கொண்டிருந்தான்.
"சேற்றில் இறங்கப் போகிறவன்
இங்கே எதற்குக் கழுவுகிறாய்?"
"வேற ஓடையோட பூஞ்சை
இங்க வந்துடக் கூடாது அண்ணே.
தோல்ல பிடிச்சா அதுங்க பிழைக்காது."
சொல்லிவிட்டு என் செருப்பைப் பார்த்தான்.
கோயில் வாசலில் கழற்றுவேன்.
இங்கே கழுவினேன்.

பம்ப்பை நிறுத்தச் சொன்னாள் ஹஸ்லினா.
நிறுத்தினேன்.
கிரீச்.

பாறையின் ஈர முதுகில்
கட்டைவிரல் நுனியளவு தேரை,
கறுப்பில் மஞ்சள் தூவியதுபோல்.
தொண்டை உப்பியது, அடங்கியது.
இத்தனை வருடம் தனக்கு எண்ணெய் போட்டவனை
அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நுணலும் தன் வாயால் கெடும்.
தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டில்
அடி வாங்கி மனப்பாடம் செய்தது.
இவர்கள் கணக்கெடுப்பதோ காதால்.
ஒரு குரலுக்கு ஒரு கோடு.
வாய் திறக்காத தேரை தாளில் இல்லை.
தாளில் தேரை இல்லாத ஓடை,
மேலே வரப்போகும் சாலையின் வரைபடத்தில்
வெறும் வடிகால்.
நுணல் இங்கே
வாயால்தான் பிழைத்தாக வேண்டும்.

பிறகு பிரவிந்த் ஒரு கல்லைக் காட்டினான், தொடாமல்.
நீர் அடித்துப் பாயும் இடத்தில்
வாயால் கல்லைக் கவ்விக்கொண்டு தலைப்பிரட்டைகள்.
"மணல் வெளியேத்துற வால்வைத் திறந்தா
இதுங்க என்ன ஆகும் அண்ணே?"
புதன்தோறும் திறப்பவன் நான்.
ஒரே மூச்சில் முழுச் சுற்று, பத்து நிமிட வேலை.
சேறு கறுப்பாய்ப் பீறிட்டு இறங்குவதை
சிகரெட்டோடு வேடிக்கை பார்த்திருக்கிறேன்.
தெரியாதே தம்பி, என்றேன்.

இப்போது கால் சுற்று. நிற்பேன்.
நீர் ஏறுவது தெரிந்து ஒதுங்குபவை ஒதுங்கட்டும்.
இன்னொரு கால் சுற்று.
நாற்பது நிமிடம் ஆகிறது.
சூப்பர்வைசர் சத்தியசீலன் காரணம் கேட்டார்.
'வால்வு இறுக்கம்' என்று பதிவேட்டில் எழுதினேன்.
அடுத்த வாரமே ஸ்பேனரோடு ஆள் அனுப்பிவிட்டார்.
வந்தவன் ஒரு கையால் சுளுவாகத் திருப்பிவிட்டு
என்னைப் பார்த்தான்.
நான் மரத்தைப் பார்த்தேன்.

தைப்பூச வாரம்.
மழை கண்டு ஐந்து வாரமாகிறது.
தண்ணீர்மலைப் பந்தல்களில் குழாய் வறண்டால்
எங்கள் தலை உருளும்.
ஓடைக்கு விடுவதை நிறுத்து,
அத்தனையும் குழாய்க்குத் திருப்பு என்று போன்.
திருப்பினேன்.
என் அண்ணன் மகன் காவடி எடுக்கிறான்,
தார் கொதிக்கும் சாலையில்
அவன் காலில் ஊற்றும் தண்ணீர் இது.
ஒரு மணிக்கட்டுப் பருமன் மட்டும்
பாறைமேல் ஒழுக விட்டேன், யாரையும் கேட்காமல்.
போதுமா என்று ஹஸ்லினாவுக்குப் போன் செய்தேன்.
தெரியவில்லை என்றாள்.
எத்தனை நாளாக, எவ்வளவு தண்ணீர் என்று கேட்டு
அதையும் எழுதிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை இரவு
பம்ப் ஓடிக்கொண்டிருந்தது
வழவழவென்று, ஒரு குறையும் இல்லாமல்.
பத்து மணி. பத்தரை.
நான் எழுந்து
எண்ணெய்க் குப்பியைத் தேடினேன்.